கவுச்சி அடித்த சுவர்

பெயர்: தனகோடி. தகப்பனார் பெயர்: பஞ்சநாதன், காலமாகிவிட்டார். வயது: 53. படிப்பு: பத்தாம் வகுப்பு, கணக்கில் தோல்வி. தொழில்: உப்பளத்தில் மேஸ்திரி. விலாசம்: அங்காளம்மன் கோயில் தெரு, மரக்காணம், விழுப்புரம் மாவட்டம்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி தையல்நாயகியுடன் குடியிருந்து வருகிறேன். இன்று வெள்ளிக்கிழமை மதியம் நான் நிலையத்துக்குள் நுழைந்ததும் ரைட்டர் நிமிர்ந்து பார்த்து, "வாங்க கருவாட்டு மனு" என்றார். பங்குனியில் நான் பக்கத்து வீட்டுக் கருவாட்டு நாற்றத்தைப் பற்றிக் கொடுத்த மனுவுக்கு இங்கே அதுதான் பெயர் என்பதும், மனுவின் பெயர் நாளடைவில் எனக்கே ஆகிவிட்டது என்பதும் இன்றுதான் எனக்குத் தெரிந்தது. வேறு வேலையாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அதன் பிறகு எஸ்.ஐ. அம்மா, என் வீடு தீப்பிடித்த விஷயத்தில் பக்கத்து வீட்டு சின்னப்பாப்பா மேல் வந்திருக்கும் புகாருக்கு இன்றைக்குள் வழக்குப் பதிய வேண்டியிருக்கிறது, அதற்கு முன் வீட்டுக்காரனாகிய என்னை விசாரிக்க வேண்டும், நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள், புலம்ப வேண்டாம் என்றார். வரிசையாகச் சொல்கிறேன். புலம்பாமல் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

வீடு நான் கட்டியது. ஒயரிங் கட்டும்போது போட்டதோடு சரி. எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் சைக்கிள் செயின் ஒரு மழைக்காலம் தாங்காது, கதவுக் கீல் உதிரும், வெளிச்சுவரில் அடித்த ஆணி துருவாகக் கையோடு வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். சுவருக்குள் கிடக்கிற கம்பியும் அதே காற்றைத்தான் குடிக்கிறது என்பது மட்டும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டு பிரிட்ஜைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று ஏறும். அதற்கு என் மனைவி பிரிட்ஜ் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைப் போட்டு வைத்தாள். வருகிற விருந்தாளிகளிடம், "ஜில் தண்ணி எடுக்கணும்னா செருப்ப மாட்டிக்கினு எடுங்க" என்று சொல்லுவோம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர்கள் வீட்டு பிரிட்ஜ் முன்னாலும் செருப்பு கிடக்கிறது. கிரைண்டர் போட்டால் கூடத்து லைட் மங்கும். மாவாட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று எழுந்து போகாமலே தெரிந்துகொள்ளலாம் என்பதால் அதை ஒரு வசதி என்றே நினைத்தேன். கதவோரத்து சுவிட்ச் போர்டு வண்டு மாதிரி முனகும். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் நிற்கும். தட்டும்போது போர்டு சூடாக இருப்பதும் தெரியும், வெயில் காலம் என்று விட்டுவிடுவேன். மார்கழியிலும் சூடாகத்தான் இருந்தது.

அதன் பிறகு மீட்டர் பெட்டியில் பீஸ் அடிக்கடி போனது. மாற்றி மாற்றிப் போட்டு எனக்கு வெறுத்துவிட்டது. கம்பி மெல்லிசாக இருப்பதால்தானே போகிறது என்று தடிமனான கம்பியை இரண்டாக முறுக்கி பீஸ் கட்டையில் கட்டிவிட்டேன். அதன் பிறகு பீஸ் போகவே இல்லை. இந்த யோசனையை எங்கள் தெருவில் நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அவர்கள் இன்றே போய்க் கட்டையைப் பிரித்துப் பார்ப்பது நல்லது என்பதையும் இதில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் ஒரே மகள் இலக்கியாவை இடையஞ்சாவடியில் கொடுத்திருக்கிறேன். மாசியில் தலைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். இந்த வருட வெயிலில் அவள் தரையில் தண்ணீர் தெளித்து அதன் மேல் படுப்பதைப் பார்க்கச் சகிக்காமல், ஜன்னலில் வைக்கிற ஏசி ஒன்றைப் பழசாக வாங்கினேன். மாட்டுவதற்குப் பெரிய முதலியார்சாவடி முனீரைக் கூப்பிட்டேன். முனீர் சவுதியில் எலக்ட்ரீசியன் வேலை பார்த்தவர். அதை அவரே ஒரு பேச்சுக்கு ஒரு தரம் சொல்லுவார். போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ண்ணே, இது தாங்காது. மெயின்ல இருந்து தனியா ஒயர் இழுத்துத்தான் ஏசி போடணும். சவுதில இப்படி மாட்டுனா ஆள உள்ள தூக்கி வெச்சிடுவான்" என்றார்.

"இது சவுதி இல்ல பாய், மரக்காணம்" என்றேன்.

அவர் சொன்னபடி ஒயர் இழுக்கவும் ஒரு மனசு இருந்தது. ஆனால் அதற்குச் சுவரை வெட்ட வேண்டும். என் மனைவி குறுக்கே வந்து நின்றுகொண்டாள். "புள்ளத்தாச்சி இருக்கற ஊட்ல ஆணி கூட அடிக்க மாட்டாங்க, நீ சுவர ஒடைக்கிறியா? குழந்தைக்கு எதுனா ஆனா உன் பாய் வந்து பதில் சொல்லுவாரா?" என்றாள். முனீர், "அக்கா, நான் எதுக்கும் பதில் சொல்ல மாட்டேன், வண்டிய எடுக்கறேன்" என்று போய்விட்டார். எங்கள் பக்கத்தில் மாசமாக இருக்கிற பெண் இருக்கும் வீட்டில் இடிக்கவோ கொத்தவோ மாட்டோம். பிரசவம் முடிந்ததும் சுவரை வெட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது.

அதன் பிறகு என் மனைவியின் தம்பி ராஜ்கமல் வந்தான். அவனுக்கு எல்லா வேலையும் தெரியும். எந்த வேலையையும் முடித்துப் பார்த்ததில்லை. ஜன்னலில் ஏசியை உட்கார வைத்தான். ஆணி அடிக்கவில்லை, சாஸ்திரத்துக்குப் பங்கம் வரவில்லை. ஏசியின் பிளக், அந்தக் கதவோரத்துப் போர்டிலிருந்த கிரைண்டர் பாயிண்டில் நுழையவில்லை என்று அதை வெட்டிவிட்டு, ஒயர் நுனியைச் சீவி ஓட்டையில் செருகினான். ஆடாமல் இருக்க எதையாவது வைத்து இறுக்க வேண்டும் என்றான். உலகத்தில் எத்தனையோ சாமான் இருக்க, தீக்குச்சியை வைத்து இறுக்கினோம். பெட்டியை எடுத்துக் கொடுத்தவன் நான்.

ஏசி நன்றாக ஓடியது. இலக்கியா நிம்மதியாகத் தூங்கினாள். அந்த வாரமே வீட்டில் கவுச்சி அடிக்க ஆரம்பித்தது.

எனக்கும் சின்னப்பாப்பாவுக்கும் இடையே ஒரே சுவர். அவள் கரையில் மீன் வாங்கி, காய வைத்து, வானூர் பக்கம் சந்தைகளுக்குக் கருவாடு கொண்டு போகிறவள். புருஷன் இல்லை. அந்தச் சமயத்தில்தான் மூட்டைகளைச் சுவரை ஒட்டி அவள் பக்கம் அடுக்கியிருந்தாள். இந்தப் பக்கம் அதே இடத்தில்தான் எங்கள் போர்டு. கவுச்சி சுவரோரம் அடித்தது, சுவருக்கு அந்தப் பக்கம் கருவாடு இருந்தது. இதற்கு மேல் ஒருவன் என்ன விசாரிப்பான்?

என் மனைவி மட்டும், "ஏங்க, ஏசி போட்டாத்தான் நாத்தம் வருது" என்றாள்.

"ஏசி காத்த இழுக்குது இல்ல? காத்தோட கவுச்சியும் சேர்ந்து வருது" என்றேன். அவள் நம்பவில்லை. ஏசியை நிறுத்திக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய்விட்டது. மறுபடி போட்டேன், வந்துவிட்டது. "இப்ப என்னா சொல்ற?" என்று கேட்டேன். என் வாதத்தில் இன்றுவரை எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை, வீடு எரிந்ததைத் தவிர.

அதன் பிறகு நான் சின்னப்பாப்பா வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவள் உள்ளே போய் ஒரு வாளைக் கருவாட்டை எடுத்து வந்து என் மூக்குக்கு நேராக நீட்டி, "இந்தா மோந்து பாரு. உங்கூட்டு நாத்தமும் இதுவும் ஒண்ணான்னு சொல்லு" என்றாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "மோந்தே பாக்காம சண்டைக்கு வந்தியா? நாளெல்லாம் உப்புலயே கெடக்கற, கருவாட்டுக்கு மட்டும் உனக்கு நோவுதா?" என்றாள். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் மறுநாள் இங்கே வந்து மனு கொடுத்தேன். இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்து, மூட்டைகளைப் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றச் சொன்னீர்கள். அவள் மாற்றினாள். சித்திரையில் பெய்த மழையில் கொட்டகை ஒழுகி அவள் சரக்கில் பாதி பூஞ்சணம் பிடித்தது.

மூட்டை போன பிறகும் கவுச்சி போகவில்லை. சாம்பிராணி போட்டோம். எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தோம். நான் நாய் மாதிரி சுவரோரமாக மோந்துகொண்டே போய், போர்டுக்குப் பக்கத்தில்தான் அதிகமாக இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்துவிட்டு, அவள் சுவர்ப் பொந்தில் வேண்டுமென்றே ஒரு மீனைச் செருகி வைத்திருக்கிறாள் என்றேன். டீக்கடையில் சொன்னேன், உப்பளத்தில் சொன்னேன், ராஜ்கமலிடம் பல தரம் சொன்னேன். போர்டின் வெள்ளை மூடி ஒரு மூலையில் டீக்கறை மாதிரி பழுத்திருந்ததைப் பார்த்தேன். துணி வைத்துத் துடைத்தேன். போகவில்லை. சாம்பிராணிப் புகை என்று என் மனைவியைத் திட்டினேன்.

நேற்று முன்தினம் புதன்கிழமை, மதியச் சோறு சாப்பிட்டுவிட்டு நான் உப்பளத்துக்குப் போனேன். வானம் மூடிக்கொண்டு வந்ததால் வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தின் மேல் ஆட்களை வைத்துத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். இலக்கியா ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருக்கிறாள். வெளிக்காற்று வரக் கூடாது என்று ஜன்னல் சந்தெல்லாம் நான் துணி வைத்து அடைத்திருந்தேன்.

அதன் பிறகு நடந்தது இலக்கியா என்னிடம் சொன்னது. சடசடவென்ற சத்தத்தில் விழித்தபோது போர்டிலிருந்து நெருப்புப் பொறி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தொங்கிய கதவுத் திரை பிடித்துக்கொண்டது. வெளியே போவதற்கு அந்தக் கதவு ஒன்றுதான். அவள் கத்தினாள். தெருவில் முதலில் வந்தது சின்னப்பாப்பா. "கட்டில் மேல ஏறி நில்லும்மா, சுவர தொடாத" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கத்திவிட்டு, வாசலில் இருக்கிற மீட்டர் பெட்டிக்கு ஓடி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பீஸ் கட்டையைப் பிடுங்கினாள். வேறு வீடாக இருந்தால் பீஸ் அதுவாகவே போயிருக்கும். நான் முறுக்கிக் கட்டிய கம்பி போகாது. அது பழுக்கக் காய்ந்திருந்தது. முந்தானையோடு அவள் உள்ளங்கையும் வெந்துவிட்டது. வெந்த கையோடு உள்ளே போய், எரிகிற திரையை இழுத்துப் போட்டு மிதித்துவிட்டு, இலக்கியாவைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள். அதற்குள் தீ மேலே ஏறிவிட்டது. கட்டில், பீரோ, துணிமணி எல்லாம் போனது. தெருக்காரர்கள் மண்ணை வாரி வாரிப் போட்டார்கள், தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது.

நான் ஓடி வந்தபோது இலக்கியாவை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் ஏறிக்கொண்டேன். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்து, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை, புகைதான் கொஞ்சம் போயிருக்கிறது என்றார்கள். நேற்று முழுவதும் நான் அங்கேதான் இருந்தேன்.

இதற்கிடையில் புதன்கிழமை சாயங்காலமே ராஜ்கமல் இங்கே வந்து, முன்விரோதம் காரணமாக சின்னப்பாப்பா வீட்டைக் கொளுத்திவிட்டாள், வீடு புகைந்துகொண்டிருந்தபோது மீட்டர் பெட்டிக்குள் அவள் கை இருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று புகார் கொடுத்திருக்கிறான். அவள் கை பெட்டிக்குள் இருந்தது உண்மை. முன்விரோதத்துக்கு என் மனுவையே சாட்சியாகக் காட்டியிருக்கிறான். நேற்று அவளை வரவழைத்து, வெந்த கையோடு சாயங்காலம் வரை உட்கார வைத்து விசாரித்து, இன்றும் வரச் சொல்லியிருக்கிறீர்கள்.

இன்று காலை மின்வாரியத்து ஆளும் தீயணைப்பு அதிகாரியும் வீட்டைப் பார்வையிட வந்தார்கள். நானும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கூட இருந்தேன். மின்வாரியத்து ஆள் மீட்டர் பெட்டியைத் திறந்து என் முறுக்குக் கம்பியைப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்த மகராசன்?" என்றார். நான்தான் என்றேன். அதன் பிறகு உள்ளே போய், பாதி உருகி நின்ற கிரைண்டர் பாயிண்டைச் சுவரிலிருந்து பெயர்த்தார். உள்ளே கம்பியில் பச்சையாக உப்புப் பூத்துக் கிடந்தது. ஓட்டையில் கரியாக ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி, "தீக்குச்சியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். தீப்பிடிப்பதற்கு முன் ஏதாவது நாற்றம் வந்ததா என்று தீயணைப்பு அதிகாரி கேட்டார். வந்தது, கருவாட்டு நாற்றம் என்றேன். அவர் அந்த உருகின துண்டை என் மூக்கருகே நீட்டினார்.

அதே கவுச்சி. சாம்பிராணிக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் அடங்காத அதே நாற்றம். "உள்ள சூடேறி பிளாஸ்டிக் வேகுதுன்னா சில போர்டுல இப்படித்தாங்க மீன் நாத்தம் அடிக்கும். அப்பவே மெயின நிறுத்திட்டு ஆளக் கூப்புடணும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. முனகிச் சொன்னது, சூடாகிச் சொன்னது, விளக்கை மங்க வைத்துச் சொன்னது, பிரிட்ஜில் விரலைக் கடித்துச் சொன்னது, கடைசியில் நாறியும் சொல்லிவிட்டது. வாய் இல்லாத ஒரு வீடு இதற்கு மேல் எப்படிச் சொல்லும்? சொன்னதற்கெல்லாம் தட்டு தட்டினேன், செருப்பு போட்டேன், கடைசியில் போலீசில் மனு கொடுத்தேன். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

நான் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சின்னப்பாப்பாவும் வந்தாள். வலது கையில் கட்டு. என்னைப் பார்த்ததும், "ஏண்ணா, பொண்ணு எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்குதும்மா. புள்ள துடிப்பும் நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாங்க."

"அது போதும்" என்றவள், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்னா மனு கொண்ணாந்த?" என்றாள்.

எஸ்.ஐ. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, தீ எப்படிப் பிடித்தது என்று கருதுகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். தீ என் வீட்டு ஒயரில், என் வீட்டுத் தீக்குச்சியில் பிடித்தது. அணையாமல் போனது நான் கட்டிய கம்பியால். சின்னப்பாப்பாவுக்கு இதில் எந்த விதமான சம்பந்தமும் இல்லை. அவள் வந்திராவிட்டால் இன்று வேறு விதமான வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருப்பேன். அவள் மேல் வழக்கு எதுவும் வேண்டாம், ராஜ்கமல் கொடுத்த புகாரை எங்கள் குடும்பம் ஏற்கவில்லை, பங்குனியில் நான் கொடுத்த மனுவையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அதன் பிறகு எஸ்.ஐ. அம்மா, "உங்க மச்சான் உங்க சார்பாத்தான் எழுதிக் குடுத்திருக்காரு. நீங்க சொல்லித்தான் குடுத்தாரா?" என்று கேட்டார். இல்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது அப்படியே எழுதப்பட்டது. ஆனால் அதில் ஒரு விவரம் விட்டுப்போகிறது. புதன்கிழமை ஆம்புலன்ஸ் போய்க்கொண்டிருந்தபோது ராஜ்கமல் எனக்குப் போன் செய்தான். "மாமா, அந்தக் கருவாட்டுக்காரிதானே கொளுத்துனா?" என்றான். என் எதிரில் இலக்கியா படுத்திருந்தாள். "சின்னப்பாப்பா அக்கா வரலன்னா நான் இல்லப்பா" என்று ஏறும்போதே என்னிடம் சொல்லியிருந்தாள். ஆகவே எனக்குத் தெரியும். அவளில்லை என்றால் வேறு யார் என்று ராஜ்கமல் அடுத்ததாகக் கேட்பான் என்பதும் தெரியும். போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன். "சரி மாமா, நான் பாத்துக்கறேன்" என்று அவனே வைத்துவிட்டான்.

இதைச் சொன்னபோது ரைட்டர் பேனாவை நிறுத்தி, "சொன்னதத்தான் சார் எழுதுவோம், சொல்லாததெல்லாம் எழுத மாட்டோம்" என்றார். சின்னப்பாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, யாருக்கும் பயந்து சொன்னதில்லை, அத்தனையும் நிஜம். அன்றைக்குப் போனில் நான் சொல்லாமல் விட்ட வார்த்தை, "இல்லடா."

(ஒப்பம்) ப. தனகோடி